பாதாம் மரம், ஒரு நிமிஷம் பத்து நொடி

நைனா,

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறார் உங்கள் அப்பா என்று ஸ்டெல்லா கேட்பாள். போன் நமக்குச் செய்த வேலை அவளுக்கும் தெரியும் என்பதால் இரண்டாவது தடவை கேட்க மாட்டாள். காதில் மிஷின் மாட்டி இன்றோடு பதினெட்டு நாள். போனில் இப்போது முக்கால்வாசி கேட்கிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் மீதிக் கால்வாசியை நம்பி இறங்க எனக்குத் தைரியமில்லை. எழுதி அனுப்பினால் நான் எழுதியதைத்தான் நீ படிப்பாய்.

இதன் இன்னொரு பிரதியை நம் மாதா கோயில் பங்கு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். உங்கள் இரண்டு பேரிடமும் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "போடு நைனா, இன்னா இப்போ" என்றாய் நீ, நான் உன்னைக் கூப்பிடும் அதே வார்த்தையால். ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்துவிட்டு, "போடுங்க மாமா. யாராவது ஒருத்தர் படிச்சிட்டுப் பிள்ளைக்கு போன் பண்ணட்டும்" என்றாள். அவள் சொன்னது சரி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் என்னைப் போல எத்தனை பேர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, எல்லாம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாம் ஒரே கம்பெனி ஷாப்பில் வேலை செய்தவர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐப்பசி மழையிலிருந்து தை கடைசி வரைக்கும் நீ என்னோடு பேச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டாய். வாரத்துக்கு ஒரு போன், அதிலும் "சாப்டியா, மாத்திர போட்டியா, வெக்கட்டுமா" என்று மூன்று கேள்வி. என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கம்மா போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்தன். நீயும் கை நழுவிப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டே இந்த வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பயந்தேன் நைனா. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் காது கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. திருவொற்றியூர் பாய்லர் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டிரம்முக்கு உள்ளே உட்கார்ந்து வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டி எடுத்தவன் நான். சிப்பிங் என்போம். இரும்புப் பானைக்குள் உன்னை உட்கார வைத்து வெளியே பத்து பேர் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி எட்டு மணி நேரம். அந்த ஷாப்பில் யாரும் காதால் பேசிக்கொண்டதில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். வைத்துக்கொண்டவனை நாங்கள் சும்மா விட்டதில்லை. "இன்னாடா, புள்ள பெத்தவ மாரி காதுல பஞ்சி வெச்சிகினு கீறே" என்று கலாய்த்தே எடுக்க வைத்துவிடுவோம். கலாய்த்தவர்களில் நான்தான் முதல் ஆள். அந்தப் பஞ்சை வேட்டியில் முடிந்து வந்து உங்கம்மாவிடம் விளக்குத் துடைக்கக் கொடுப்பேன்.

உங்கம்மா இருந்த வரைக்கும் என் காது அவள்தான். போன் அடித்தால் அவள்தான் எடுப்பாள். எடுத்து, கேட்டு, என் முகத்துக்கு நேராகத் திரும்பி ஒரு தடவை சொல்லுவாள். அவள் அதைச் செய்வது யாருக்கும் தெரியாது, ஏன், கொஞ்ச காலம் எனக்கே தெரியாது. உன் நிச்சயதார்த்தத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு வாயை மூடும் மீசை. அந்த மீசைக்குப் பின்னால் உதடு என்ன செய்கிறது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அவர் என் பக்கம் சாய்ந்து, "பையனுக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா சம்பந்தி?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது "குளிக்கிற பழக்கம்". இது என்ன கேள்வி என்று தோன்றினாலும், ஃபேக்டரிப் பையன் ஆயிற்றே, கேட்கிறார் போல என்று, "காலைல ஒரு தபா, வேல வுட்டு வந்து ஒரு தபா. ஞாயித்துக்கெழம மட்டும் கொஞ்சம் லேட்டாவும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உங்கம்மா பாய்ந்து வந்தாள். "ஐயோ அண்ணே, அவுரு குளிக்கிறதச் சொல்றாரு, தமாஷ் பண்றாரு" என்றாள். கூடமே சிரித்தது. நல்ல தமாஷ்காரர் என்று எனக்குப் பெயர் வேறு கிடைத்தது. நானும் அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்று ஏதோ சொன்னாய். என்னடா என்றேன். மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். மூன்றாவது தடவையும் அப்படியே. "வாயத் தொறந்து பேசுடா, இன்னா மொணமொணப்பு" என்று ஒன்று விட்டேன். டிராயிங்கில் ஃபர்ஸ்ட் வந்திருக்கிறேன் என்பதைத்தான் சொல்லியிருக்கிறாய், கூச்சத்தோடு. பத்து நிமிஷம் கழித்து உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதாவது உன்னைக் கூப்பிட்டு, எனக்குக் காது கேட்கவில்லை நைனா, அதனால் அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன். அதன் பிறகு நீ என்னிடம் எதையும் இரண்டு தடவை சொன்னதில்லை. நைனா காது கொடுத்துக் கேட்காத ஆள், அலட்சியக்காரர் என்று நீ முடிவு கட்டியிருந்தது எனக்குத் தெரியும். செவிடன் என்று பெயர் எடுப்பதைவிட அலட்சியக்காரன் என்று பெயர் எடுப்பது எனக்குக் கௌரவமாகப் பட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

உங்கம்மா போன பிறகு நான் மாட்டிக்கொண்டேன். பாவத்தை ஒப்புக்கொள்ளக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லும் அபராதம் கேட்காது. நானாகவே மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். நாலு வருஷமாக எனக்கு என்ன அபராதம் விதித்தார்கள் என்பது அந்தச் சாமியாருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். போனில் உன்னோடு பேச ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீ பேசும்போது "ம்" போடுவது. நீ நிறுத்தினால், குரல் இறங்கி நின்றால் "வுடு நைனா", ஏறி நின்றால் "நல்லது நைனா". பத்துக்கு எட்டு தடவை சரியாக வந்துவிடும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் நீ போன் செய்தாய். மழை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரமெல்லாம் நீங்கள் ஓசூரில் நல்ல வாடகை வீடு தேடி அலைந்த கதைதான் பேசினோம், தண்ணீர் வராத வீட்டில் ஸ்டெல்லா படும் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நீ இரண்டு வரிதான் பேசினாய். கடைசி வார்த்தை மட்டும் "கெடச்சிடுச்சு நைனா" என்று என் காதில் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப நல்லது நைனா. நான் அப்பவே நெனச்சேன். வுடு, இனிமேட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது. மழை, டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி நன்றியும் சொன்னேன்.

வீடு மந்திரிக்க ஃபாதரைக் கூப்பிடும்போது எனக்குச் சொல்லுவாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று வாசலில் ஸ்டார் கட்டினேன், நாலு பேருக்குக் காணும் கேக் வாங்கினேன். "லீவு இல்ல நைனா" என்று ஒரு மெசேஜ் வந்தது. புது வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள், கிழவன் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் என்று எனக்கு ரோஷம் வந்தது. கேட்டிருக்கலாம். எந்த வீடு, எத்தனை ரூம் என்று ஒரு வார்த்தை மெசேஜில் தட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நானாகக் கேட்கக் கூடாது, நீயாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீ அங்கே வேறு ஒன்றுக்கு மனம் வெந்துகொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பார்க்குக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, தினம் முக்கால் மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் தெருமுனை கார்ப்பரேஷன் பார்க்கை நீ பார்த்திருக்கிறாய், ஒரு ரவுண்டு போனால் நாலு நிமிஷம். பதினோரு ரவுண்டு ஒரே இடத்தைச் சுற்றினால் எதையாவது பார்க்கத்தானே வேண்டும்? நீ கொடுத்துவிட்டுப் போன பழைய போனில் படம் எடுக்கப் பழகினேன். ஹார்பர் பக்கத்து இலைகளுக்கு எப்போதும் ஒரு கறுப்புப் பூச்சு உண்டு. பனி இறங்கிய காலையில் ஒரு சொட்டு அந்த இலை நடுவில் வழிந்து போனால் போன வழி மட்டும் பச்சையாகத் தெரியும். அதை எடுத்து உனக்கு அனுப்பினேன். சிலந்தி வலை, லைட் கம்பத்து உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் பருந்து, குளிரில் விறைத்துப்போய்க் கிட்டே போனாலும் ஓடாத ஓணான், எல்லாம் அனுப்பினேன். படத்துக்குப் பதில் பேச வேண்டியதில்லை, அதனால் உனக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. நீல டிக் விழும். என் பிள்ளை பார்த்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு நாஷ்டா சாப்பிடப் போவேன். ஒரு நாள் சின்னதாய்ப் பச்சையாய், நெஞ்சில் சிவப்பு வைத்த ஒரு பட்சி கிளையில் உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை பொக்கென்று வீங்கி வீங்கி அடங்கியது. படம் எடுத்து, "பாவம், இந்தப் பட்சிக்கு உடம்பு சரியில்லை போல, தொண்டை வீங்கிக் கிடக்கிறது" என்று கீழே எழுதி அனுப்பினேன். அது கத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

தை கடைசியில் அந்தப் பாதாம் மரம். நம் ஊரில் குளிர் என்று ஒன்று வந்துபோனது என்பதை அந்த மரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இலை எல்லாம் செக்கச்செவேலென்று பழுத்துக் கொட்டிவிட்டு, உச்சாணிக் கிளையில் ஏழெட்டுதான் மிச்சம். பின்னால் ஹார்பர் கிரேன்கள் பனியில் பாதி மறைந்து நின்றன. வெயில் அந்த இலைகளுக்குப் பின்னால் வரும் என்று தெரியும், அதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டனை அழுத்தினேன். கை ஆடாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். படம் எடுக்கும் இடத்தில் வீடியோ விழுந்திருக்கிறது. அது கூடத் தெரியாமல் இன்னும் நல்ல வெளிச்சம் வரட்டும் என்று நின்றிருக்கிறேன். பார்க்கைக் கூட்டும் மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினேன். அவள் குப்பை வண்டிக்கு நான் வழியை அடைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் போய் நின்று, எடுத்ததை உனக்கு அனுப்பிவிட்டு, மிச்ச ரவுண்டையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். எதற்கோ திரும்பினால் நீ நிற்கிறாய். தோளில் பை, சட்டையெல்லாம் பஸ் கசங்கல், கண் சிவந்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்போ நைனா வந்தே?"

"வந்து பத்து நிமிஷமாச்சு. வாசல்ல நின்னு கூப்ட்டேன். கூடத்துல நின்னு கூப்ட்டேன். இதோ, உம் முதுகுக்குப் பின்னால நின்னுகினு கூப்ட்டுகினேதான் கீறேன்."

"மீனு கழுவிகினு இருந்தேன். தண்ணி சத்தத்துல..."

"கொழா மூடித்தான் கீது நைனா."

நீ என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உன் போனை எடுத்து, காலையில் நான் அனுப்பியதைப் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி என் காதுக்குப் பக்கத்தில் வைத்தாய். இது என்ன சத்தம் சொல்லு என்றாய். என்ன சத்தம் என்றேன் நான். அப்புறம் நீ ஒவ்வொன்றாக, வாயைத் திறந்து, நான் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி சொன்னாய். ஒரு நிமிஷம் பத்து நொடி ஓடுகிறது அந்த வீடியோ. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரு பட்சி "டொக் டொக்" என்று விடாமல் கத்துகிறது. பின்னால் வண்டி மணி அடிக்கிறது. மல்லிகா கூப்பிடுகிறாள். "நைனா, கொஞ்சம் தள்ளிக்க." பிறகு, "நைனா." பிறகு இன்னும் சத்தமாக, "யோவ் நைனா, ஒன்னத்தான்." படம் அசையவே இல்லை. கடைசியில் படம் ஆடுகிறது, என் குரல் கேட்கிறது. "இன்னாம்மா இது, சட்டையப் புடிச்சி இழுக்குறே? ஒரு தபா கூப்ட்றதுதானே?" அதற்கு அவள், "இன்னும் எத்தினி தபா கூவுறது? மூணு தபா கூவிட்டேன்."

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கேட்டாயாம். யாரோ ஒருத்தி உன் வார்த்தையால் உன் அப்பனைக் கூப்பிடுகிறாள், அவன் திரும்பாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டு, ஷிப்ட்டுக்குப் போகாமல் பஸ் ஏறியிருக்கிறாய்.

"அன்னிக்கு மழையில நான் போன் பண்ணேனே. நான் இன்னா சொன்னேன்னு நெனச்சிகினு பேசினே?"

"வூடு கெடச்சிடுச்சுன்னு சொன்னே. அதுக்குத்தான்..."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். முதலில் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் இரண்டு கையையும், மீன் நாற்றத்தோடு, பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகச் சொன்னாய்.

"வூடு இல்ல நைனா. கொழந்த. ஸ்டெல்லாவுக்கு மூணு மாசம். யாராண்டையும் சொல்லல, உன்னாண்ட நேர்ல வந்து சொல்லலாம்னு வெச்சிகினு இருந்தோம். கலஞ்சிடுச்சு நைனா."

கெடச்சிடுச்சு. கலஞ்சிடுச்சு. உதட்டில் பார்த்தால் இரண்டும் வேறு வேறுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு குழந்தை போய்விட்டது என்று அழுத பிள்ளையிடம், ரொம்ப நல்லது, அப்பவே நினைத்தேன், இனிமேல் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. என் பிள்ளை காரணம் இல்லாமல் என்னை ஒதுக்கவில்லை, காரணம் இருந்தது, அந்தக் காரணமும் பொய்யாகிப்போனது என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பேரப்பிள்ளையின் துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது, இரவு சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது. இப்படி ஒரு மனுஷனா நான் என்று வெட்கப்பட்டேன். நீ மட்டும் என்ன? "நீ கேக்கவே இல்லன்றதே எனக்குப் போதும் நைனா. மூணு மாசமா உனக்குக் கல்லு மனசுன்னு ஸ்டெல்லாவாண்ட சொல்லிகினு இருந்தேன்" என்று நீயும் மூச்சு விட்டாய். நாம் இரண்டு பேருமே அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினோம். உன் குறட்டை எனக்குக் கேட்டிருக்காது, ஆனால் காலையில் நீ எழுந்த முகத்தைப் பார்த்தேன்.

மறுநாள் நீ என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போன கூத்தை இங்கே எழுதாவிட்டால் ஷாப்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாள் காது டெஸ்ட் செய்யும் பெண். முதல் ரவுண்டில் நான் எல்லாவற்றுக்கும் சரியாக அழுத்திவிட்டேன். "காது நல்லாத்தானே இருக்கு" என்று அவளே குழம்பிவிட்டாள். நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். "மேடம், அவுரு ஒங்க கையப் பாத்து அமுத்துறாரு." வேண்டும் என்று செய்யவில்லை நைனா. கையைப் பார்த்துக் கேட்டே பழகிவிட்டது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், அதோடு என் வண்டவாளம் வெளியே வந்தது.

மிஷின் மாட்டிக்கொண்ட முதல் நாள் பார்க்கில் பாதி ரவுண்டு கூடப் போகவில்லை. சருகின் மேல் என் செருப்புச் சத்தமே எனக்கு ஒரு ஆள் பின்னால் வருகிற மாதிரி கேட்டது, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்தப் பச்சைப் பட்சியையும் கேட்டேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஷாப்பில் கேட்கும் அதே சுத்தியல், அதே தாளம். ஆனால் இது காதை ஒன்றும் செய்யவில்லை. புங்க மரத்தில் இப்போது தளிர் விட்டிருக்கிறது, பாதாமில் மொட்டு தெரிகிறது. இப்போது தெரிந்தே வீடியோ எடுத்து அனுப்புகிறேன். ஸ்டெல்லா வீடியோ காலில் வந்தால் வாயை ஊரளவுக்குத் திறந்து "மா...மா... சாப்...டீங்...களா" என்கிறாள். மிஷின் இருக்கிறதம்மா, இவ்வளவு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் என்னோடு பேசுவதே எனக்குப் பெரிய விஷயம்.

அப்பா என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீயும் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில்தான் இருக்கிறாய். காதில் வைக்கக் கொடுப்பதை வைத்துக்கொள், எவன் கலாய்த்தாலும் சரி. அதைவிட முக்கியம், கேட்காததற்குச் "சரி" சொல்லாதே. காது நன்றாக இருப்பவர்களும் அதைச் செய்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லா ஏதாவது சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டே "ம்" போடாதே. அன்று நீ வந்திருந்தபோது அவள் போனில் கூப்பிட்டாள், நீ டிவியைப் பார்த்துத் தலையை ஆட்டி அப்படித்தான் "ம்" போட்டாய். எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்பதில் மானம் போகாது. நான் அறுபத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டதை நீ முப்பத்தொன்றில் கற்றுக்கொள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது தரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது முணுமுணுத்தால், நீ அதன் உயரத்துக்குக் குனிந்து கேள். டிராயிங் விஷயத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். ரொம்ப லேட்தான்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எதற்காக எடுத்தேனோ அது. அன்றைக்கு மழையில் நீ சொன்னதற்கு என்னிடமிருந்து உனக்கு இன்னும் பதில் வரவில்லை. பின்கட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பதில் ஆகாது. விடு நைனா, நீ கேட்கவே இல்லை, அதுவே போதும் என்றாய். உனக்குப் போதும். எனக்குப் போதவில்லை. என் காதும் உங்கம்மாவும் இருந்திருந்தால் அந்த மத்தியானம் நான் என்ன பேசியிருப்பேன் என்று இந்தப் பதினெட்டு நாளாக யோசித்தேன். பேச வேண்டியது இதுதான். நீயும் ஸ்டெல்லாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் படியுங்கள்.

"ஐயோ நைனா. எப்போடா? ஸ்டெல்லா எப்டி கீது? முழிச்சிகினு கீதா? நீ ஒண்டியாவா நிக்கிறே அங்க? அழுவுறதா இருந்தா இப்பவே அழுதுடு, நான் லைன்லயே கீறேன். அப்பால மூஞ்சக் கழுவிகினு அவ பக்கத்துல போயி உக்காரு. அவ ஒண்ணியும் பேசலன்னாலும் எழுந்து வராத. இங்க மழ பெய்யிது, பஸ்ஸு லேட்டாவும். ஆனா நான் கெளம்பிட்டேன் நைனா. வந்துகினே கீறேன்."